ரேடியோ பேசாத ஆட்டம்

பதினாறு வருடம் ஒரே அணிக்கு நடுக்களத்தில் ஆடியவனுக்கு, கூட ஆடுகிறவர்கள் வைத்த பெயர் ரேடியோ. கோல் அடித்துப் பெயர் வாங்கினவன் இல்லை. இத்தனை வருடத்தில் மொத்தமே பதினோரு கோல்; அதிலும் இரண்டு, யாரோ உதைத்து அவன் முதுகில் பட்டு உள்ளே போனவை. மைதானத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேட்டால் அவன் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவன் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். முதல் விசிலில் திறந்தால் கடைசி விசிலில்தான் மூடும். "உள்ள வா, இன்னும் உள்ள வா, போதும்டா, என் மேல ஏறாத" என்பான் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரனிடம். அதே மூச்சில் எதிரணிக்காரன் பக்கம் திரும்பி, "வீடு மாறிட்டியாமே, தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதா?" என்பான். பாவம், அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பந்து இவன் காலில் இருக்கும்.

அந்தப் பேச்சு அவனுக்குப் பொழுதுபோக்காக வந்ததல்ல, பிழைப்புக்காக வந்தது. பதினெட்டு வயதில் அணித் தேர்வுக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் அவன் பெயருக்கு எதிரே மூன்று வரி எழுதினார்கள். ஓட்டம் போதாது. உயரம் போதாது. கண் அபாரம். பந்து தன்னிடம் வந்து சேர்வதற்கு முன்னாலேயே இரண்டு தோளுக்கும் மேலாக ஒரு பார்வை பார்த்துவிடுவான். யார் எங்கே நிற்கிறான், யார் எந்தப் பக்கம் நகரப்போகிறான் என்பதெல்லாம் தலைக்குள் படமாக விழுந்துவிடும். படம் விழுந்து என்ன செய்ய? ஓடிப்போய் முடிக்கக் கால் கிடையாது. ஆகவே ஓடத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தான். சொன்னால் நடக்கிறது என்று கண்டதும் இன்னும் கொஞ்சம் சொன்னான். பிறகு நிறுத்த முடியவில்லை.

இதில் ஒரு திருட்டுத்தனமும் சேர்ந்துகொண்டது. யார் குரலையும் பத்து நிமிடம் கேட்டால் போதும், அச்சு அசலாகப் பேசிவிடுவான். எதிரணித் தடுப்பாட்டக்காரன் பின்னால் வரும் பந்தைத் தட்டப்போகிற நேரத்தில், அவனுடைய கோல்கீப்பர் குரலிலேயே "விடு, என்னோடது!" என்று கத்துவான். அவனும் நல்ல பிள்ளையாக விட்டுவிடுவான். பந்து நம் ஆளிடம் வந்து சேரும். இப்படி வாயால் ஏமாற்றுவது விதிப்படி குற்றம். பிடிபட்டால் மஞ்சள் அட்டை. பதினாறு வருடத்தில் ஒன்பது முறை பிடிபட்டான். பிடிபடாமல் போனது எத்தனை என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பான்.

ஒன்பதில் ஆறு அட்டையைக் கொடுத்தவர் ஒரே நடுவர். ஒல்லியான மனிதர், வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சில் யார் முணுமுணுக்கிறான் என்று கண்டுபிடித்துப் பழகிய கண், மைதானத்திலும் இவன் உதட்டை விட்டு அகலாது.

அதிகம் ஏமாந்தவன் தூண். வேறொரு அணியின் கேப்டன், ஆறடிக்கு மேலே மூன்று அங்குலம். தோள் அகலத்துக்குச் சட்டை தனியாகத் தைக்கவேண்டும். நல்ல மனிதன், அதுதான் அவனுக்குச் சிக்கல். யாராவது ஏதாவது கேட்டால் நின்று பதில் சொல்லாமல் இருக்க அவனுக்கு மனசு வராது. ரேடியோவின் "விடு" என்ற குரலுக்கு மூன்று முறை பந்தை விட்டுக் கோல் வாங்கியிருந்தான். மூன்றாம் முறைக்குப் பிறகு பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே சொன்னான்: "இனிமே களத்துல எவன் 'விடு'ன்னு சொன்னாலும் நான் விடமாட்டேன். என்னைப் பெத்தவங்களே வந்து சொன்னாலும் சரி."

அந்த வருடம் ஆட்டக்காலம் முடியும் தறுவாயில் ரேடியோவின் குரல் துருப்பிடித்த கேட் மாதிரி ஆகிவிட்டது. முதலில் இருமல் என்றான், பிறகு தூசி என்றான். ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவன் மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். ஓட்டுபவர் காலடியில் இருக்கிற மாதிரியே தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த வண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள். தள்ளிப்போடுவது என்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்கே அவனைத் தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டுத் திரையைக் காட்டினார். "இந்த ரெண்டு மடிப்பும் சேர்ந்து அதிர்ந்தாத்தான் குரல். ரெண்டுலயும் சின்னதா காய்ச்சுப் போயிருக்கு பாருங்க. கடப்பாரை பிடிக்கிறவங்க கை காய்க்குமே, அந்த மாதிரி. என்ன வேலை பண்றீங்க? ஏலம் போடறீங்களா?"

"ஃபுட்பால் ஆடறார்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா நம்பாமல் அவனை மேலும் கீழும் பார்த்தார். "மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். பேசினீங்கன்னா ஆபரேஷன்தான்."

அவன் பதறிப்போய், வராத குரலில், "சனிக்கிழமை மேட்ச் இருக்கு, கோல் போட்டா என்ன பண்றது?" என்றான்.

"கை தட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மனைவி ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வாங்கி அவன் சட்டைப் பையில் செருகினாள். வீடு போய்ச் சேரும்வரை அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது. என்ன என்று எழுதிக் கேட்டான். "ஒண்ணுமில்ல, ரோட்டுல இவ்வளவு அமைதியா இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள்.

சனிக்கிழமை ஆட்டம் சாதாரண ஆட்டமல்ல. வருடத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவில் தங்கலாம். தோற்றாலும் சமன் ஆனாலும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டியதுதான். எதிரணி, தூணுடைய அணி. விஷயம் கேட்டதும் பயிற்சியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"காது கேக்காதவனை ஆடவைக்கலாம், கால் வலிக்கிறவனைக்கூட ஆடவைக்கலாம். பேசாத உன்னை வச்சு நான் என்னடா பண்றது?"

ரேடியோ நோட்டை எடுத்து எழுதிக் காட்டினான். 'கால் ரெண்டும் இருக்கு.'

"அதை நம்பி நான் உன்னை எடுக்கவே இல்லையே" என்றார் பயிற்சியாளர்.

ஆனால் அந்த இடத்தில் ஆடவேண்டிய மாற்று ஆட்டக்காரனுக்குத் தொடையில் தசை கிழிந்திருந்தது. வேறு வழியில்லை. ஒரு நிபந்தனையோடு அவனை இறக்கினார்: அவன் ஊமையாகிவிட்டான் என்கிற விஷயம் அறையைத் தாண்டி வெளியே போகக்கூடாது. தெரிந்தால் எதிரணிக்காரர்கள் தைரியமாகிவிடுவார்கள்.

சனிக்கிழமை மதியம் இரண்டு அணியும் வரிசையாக நின்று கை குலுக்கியபோதே முதல் கலவரம் தொடங்கியது. தூண், அடி வாங்கத் தயாராகிறவன் போல, முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தான். ரேடியோ எப்போதும் அங்கேதான் ஆரம்பிப்பான். அன்றைக்குக் கையை மட்டும் குலுக்கிவிட்டு நகர்ந்தான். தூண் இரண்டு அடி நடந்து திரும்பிப் பார்த்தான். பிறகு மறுபடியும் திரும்பிப் பார்த்தான்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு ரேடியோவின் அணிக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் தயங்கித் தயங்கி நின்றார்கள். வலதுபக்கத் தடுப்பாட்டக்காரன் உள்ளே வருவதா வெளியே போவதா என்று புரியாமல் நடுவாந்திரமாக நின்றான். அவனைச் சுற்றிக்கொண்டு போன எதிரணி முன்வரிசைக்காரன் பன்னிரண்டாம் நிமிடத்தில் கோல் போட்டான். ரேடியோவுக்கு அந்தப் பந்து எங்கே போகப்போகிறது என்பது மூன்று நொடிக்கு முன்பே தெரியும். வாயைத் திறந்தான். டாக்டரம்மாவின் குழாய் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டான். அந்த மூன்று நொடி போல ஒரு கஷ்டத்தை அவன் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

எதிர்ப்பக்கத்தில் தூணின் நிலைமை அதைவிட மோசம். ஒரு கார்னர் உதைக்கு இருவரும் தோளோடு தோள் உரசி நின்றபோது அவனால் தாங்க முடியவில்லை.

"என்னடா, கோவமா?"

ரேடியோ பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போன தடவை முழங்கையால இடிச்சதுக்கா? அது தெரியாம பட்டதுடா."

ரேடியோ குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"என்ன திட்டம் வச்சிருக்க? சொல்லித் தொலை!"

ரேடியோ திரும்பி அவனைப் பார்த்து, மிகவும் அன்பாக ஒரு சிரிப்புச் சிரித்தான். தூண் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றான்.

அந்த முகத்தைப் பார்த்ததும்தான் ரேடியோவுக்குள் பழைய குறும்பு எழுந்து உட்கார்ந்தது. வாய்தானே போயிற்று, கை இருக்கிறதே! அடுத்த முறை பந்து வெளியே போனபோது, எல்லோரும் பார்க்கிற மாதிரி வலது காதை இரண்டு முறை இழுத்தான். பிறகு முழங்காலைத் தட்டி, மூன்று விரலைத் தூக்கிக் காட்டினான். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எதிரணிப் பயிற்சியாளர் எல்லைக் கோட்டு ஓரத்தில் துள்ளி எழுந்தார். "மூணு! மூணுன்னு காட்டறான்! மூணாம் நம்பரைக் கவனி!" என்று கத்தினார். இரண்டு பேர் ஓடிப்போய் மூன்றாம் நம்பர் ஆட்டக்காரனைச் சுற்றி நின்றார்கள். அந்த மூன்றாம் நம்பர் பையன், தனக்கு ஏதோ பெரிய பொறுப்பு வந்துவிட்டது என்று பயந்து, எதற்கும் இருக்கட்டும் என்று சும்மா முன்னால் ஓடினான். இரண்டு பேரும் அவன் பின்னாலேயே ஓடினார்கள். நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் திறந்தது.

இடைவேளையில் உடை மாற்றும் அறையில் இடதுபக்க முன்வரிசைக்காரன், பத்து வருடமாகக் கூட ஆடுகிறவன், அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, அந்தக் காதை இழுத்தியே, அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

ரேடியோ தோளைக் குலுக்கினான்.

"ஒண்ணுமில்லையா? சரி, ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இத்தனை வருஷமா நீ கத்தறதை நாங்க யாரும் கேட்டதே இல்ல. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும், நாங்க பாட்டுக்கு ஆடுவோம்."

ரேடியோவின் கண் விரிந்தது. சுற்றிலும் பார்த்தான். ஒருத்தன் ஷூ லேஸைக் கட்டினான், ஒருத்தன் தண்ணீர் குடித்தான். யாரும் மறுக்கவில்லை.

"ஆனா மாமா" என்றான் இடதுபக்கக்காரன், "அது நின்னுபோனா பயமா இருக்கு. வீட்டுல ஃபிரிட்ஜ் சத்தம் நின்னா திக்குன்னு ஆகுமில்ல, அந்த மாதிரி."

பதினாறு வருடம் தானே அணியை ஓட்டியதாக நினைத்திருந்தவனை ஃபிரிட்ஜ் என்று சொல்லிவிட்டார்கள். அவமானமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. கேட்காமலேயே இவர்கள் சரியான இடத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றால், இவர்களை அங்கே இழுத்தது எது? பந்துதான். இவன் பந்தை எங்கே அனுப்பினானோ அங்கே போயிருக்கிறார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய கோல்கீப்பர், இருபத்திரண்டு வயது, வந்த நாளிலிருந்து "சரிண்ணே" என்பதைத் தவிர வேறு பேசியறியாதவன், தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "அண்ணே, நான் வேணா கத்தட்டுமா? எனக்குப் பின்னாடியிருந்து எல்லாம் தெரியும். நீங்க கத்தும்போது நடுவுல நுழைய முடியல."

பயிற்சியாளர் அவனை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இத்தனை நாள் எங்கடா இருந்த?" என்றார்.

இரண்டாம் பாதியில் அந்தப் பையன் கத்திய கத்தல் மைதானத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தம்வரை கேட்டது. பின்வரிசை நேராக நின்றது. ரேடியோவுக்குப் பேச்சு வேலை போய், பார்க்கிற வேலை மட்டும் மிஞ்சியது. பார்க்கப் பார்க்க, இதுவரை கண்ணில் படாதது எல்லாம் பட்டது. இடதுபக்கக்காரன் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நொடி இடுப்பைத் தளர்த்துகிறான். இத்தனை வருடம் வாய் ஓடிய ஓட்டத்தில் அதைக் கவனித்ததே இல்லை. அறுபத்தோராம் நிமிடத்தில் அந்த இடுப்பு தளர்ந்தது. ரேடியோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இரண்டு பேருக்கு நடுவே ஒரு பந்தைச் செருகினான். அது புல்லை உரசிக்கொண்டு, யாரும் இல்லாத இடத்துக்குப் போனது. அங்கே இடதுபக்கக்காரன் வந்து சேர்ந்தான். ஒன்றுக்கு ஒன்று.

கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. ரேடியோ நடுக்களத்தில் நின்று, டாக்டரம்மா சொன்னபடியே, நிதானமாகக் கை தட்டினான்.

இதற்கிடையில் நடுவருக்கும், அதே கணக்கு வாத்தியாருக்கும், மன அமைதி போய்விட்டது. ஓர் ஆட்டம் முழுக்க இந்த வாய் மூடியிருப்பது அவர் கணக்குக்கு ஒத்துவரவில்லை. பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்று முடிவுகட்டி, பந்தைவிட இவன் உதட்டையே அதிகம் பார்த்துக்கொண்டு ஓடினார். எழுபதாம் நிமிடத்தில் ரேடியோ ஒருவனைச் சட்டை பிடித்து இழுத்துவிட்டான். சாதாரணத் தப்பு, எச்சரிக்கையோடு போயிருக்கும். நடுவர் கூப்பிட்டு, "என்ன நடக்குது? சட்டையை ஏன் இழுத்த? சொல்லு" என்றார்.

ரேடியோ கை கூப்பினான்.

"நக்கலா? வாயைத் திறந்து சொல்லு."

ரேடியோ தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, வானத்தைக் காட்டினான். குழாய் விட்டுப் பார்த்ததைச் சொல்ல நினைத்து மூக்கிலும் ஒரு விரலை வைத்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நடுவர் முகம் சிவந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். வாழ்நாள் முழுக்கப் பேசி அட்டை வாங்கியவன், ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிய முதல் அட்டை அது.

எண்பத்தெட்டாம் நிமிடம். சமனிலேயே ஆட்டம் முடிந்துவிடும் என்று ஜனங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நடு வட்டத்துக்குப் பக்கத்திலிருந்து ரேடியோ ஒரு பந்தைத் தூக்கி எதிரணி கோல் பக்கம் அனுப்பினான். சொல்லப்போனால் அது நல்ல உதையே இல்லை. நீளம் கூடிப்போயிற்று. முன்வரிசைக்காரர்கள் யாரும் பக்கத்தில்கூட இல்லை. மிதந்து மிதந்து, தூணின் தலைக்கு மேலாக அவனுடைய கோல்கீப்பரிடம் போய்ச் சேரவேண்டிய பந்து. அந்தக் கோல்கீப்பரும் இரண்டு கையையும் விரித்து முன்னால் வந்து, மனப்பூர்வமாகக் கத்தினான்.

"விடு, என்னோடது!"

தூணின் முகம் அப்போது மலர்ந்ததை ரேடியோ நூறு அடி தள்ளி நின்று பார்த்தான். நாள் முழுக்கக் காத்திருந்தது வந்துவிட்டது என்கிற மலர்ச்சி அது. 'மாட்டினியாடா!' என்று கத்தியபடியே, இருக்கிற உயரம் போதாதென்று எம்பி, தலையால் ஓங்கி ஒரு முட்டு முட்டினான். அவன் முட்டினால் பந்து சும்மா போகாது. உச்சந்தலையில் பட்டுப் பின்பக்கம் திரும்பி, முன்னால் ஓடிவந்த கோல்கீப்பரின் காதுக்குப் பக்கமாகப் பறந்து, சொந்த வலைக்குள் போய் விழுந்தது.

மைதானத்தில் இடி விழுந்தது போல ஆரவாரம்.

தூண் திரும்பி, நேராக ரேடியோவை நோக்கி ஓடிவந்தான். "நீதான்டா! நீதான் கத்தின! சார், இவன்தான் கத்தினான், கோல் செல்லாது!"

"நான்தாண்ணே கத்தினேன்" என்றான் அவனுடைய கோல்கீப்பர், பின்னாலேயே ஓடிவந்து.

"நீ சும்மா இரு! இவன் உன் குரல்ல கத்தினா உனக்கே அப்படித்தான் தோணும்!"

ரேடியோவின் அணிக்காரர்களும் அதையேதான் நம்பினார்கள். ஒருத்தன் அவன் முதுகில் தட்டி, "கடைசி நேரத்துல எடுத்து விட்ட பாரு, அங்க நிக்கற நீ!" என்று காதில் சொன்னான். ரேடியோ தலையை ஆட்டி ஆட்டி மறுத்தான். கையை மார்பில் வைத்துச் சத்தியம் செய்தான். மறுக்க மறுக்க எல்லோருக்கும் சந்தேகம் உறுதியாயிற்று. இத்தனை வருடம் செய்ததில் பெரும்பாலும் தப்பித்தவன், செய்யாத ஒன்றுக்கு மாட்டிக்கொண்டு, தன் பக்கம் ஒரு சொல் சொல்ல வழியில்லாமல் நின்றான். அழுகையே வரும்போல இருந்தது.

நடுவர் விசிலை ஊதிக் கூட்டத்தை விலக்கினார். "தள்ளுங்க. இவன் வாயைத் திறக்கல."

"சார், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் தூண்.

"எனக்குத் தெரியாதா? பந்து எங்க போச்சுன்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லுவேன். இவன் வாயைக் கேளு, எண்பத்தெட்டு நிமிஷத்துக்கும் கணக்கு இருக்கு. உதடு ஒட்டினது ஒட்டினபடிதான் இருந்தது. கோல் செல்லும்." சொல்லிவிட்டு நடுவட்டத்தைக் கை காட்டினார்.

இப்படியாக ரேடியோவின் அணி முதல் பிரிவில் தங்கியது. ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் அவன் வாய்க்கு முன்னால் ஆறு மைக்கை நீட்டினார்கள். அவன் ஆறையும் வரிசையாகப் பார்த்து, பசியோடிருப்பவன் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிற சாப்பாட்டைப் பார்ப்பதுபோல ஏங்கி, நடந்துபோனான். மறுநாள் பத்திரிகையில், 'வெற்றியிலும் எவ்வளவு அடக்கம்!' என்று எழுதினார்கள். அவன் மனைவி அதைச் சத்தமாக இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

அடுத்த வாரம் இன்னொன்று தெரிந்தது. பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். சிகிச்சை அறையில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது, பயிற்சியாளரும் கிளப் செயலாளரும் அவன் தலைமாட்டிலேயே நின்று அவனைப் பற்றிப் பேசினார்கள்.

"முப்பத்துநாலு ஆச்சு. இன்னொரு வருஷம் வேணுமா?" என்றார் செயலாளர்.

"நானும் வேண்டாம்னுதான் இருந்தேன்" என்றார் பயிற்சியாளர். "வாயாலதான் பொழைக்கறான்னு நெனச்சேன். சனிக்கிழமைதான் சார் அவன் ஆட்டத்தையே பாத்தேன். அந்தப் பாஸ் இருக்கே, சின்னப் பசங்களுக்கு அது இன்னும் பத்து வருஷத்துக்கு வராது. ஒரு வருஷம் இருக்கட்டும். ஆனா அவன்கிட்ட இப்பச் சொல்லாதீங்க, தலைக்கு ஏறிடும்."

"சரி, சொல்லல" என்றார் செயலாளர். இருவரும் அவன் வயிற்றுக்கு மேலாகக் கை குலுக்கிக்கொண்டு போனார்கள். ரேடியோ கூரையைப் பார்த்தபடி, கண்ணை மூடாமல், வெகுநேரம் படுத்திருந்தான். ஐஸ் உருகித் தண்ணீராகி முழங்கால் வழியே ஓடியதைக்கூடக் கவனிக்கவில்லை.

வீட்டிலும் புதிதாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில், சாப்பாட்டு நேரத்தில் பேசுவது அவன், கேட்பது அவள் என்றே வழக்கம். இப்போது அவள் பேச ஆரம்பித்தாள். இடது பக்கம் திரும்பச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு திரும்புகிற வக்கீல், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் "மன்னிச்சுக்கங்க" என்று வண்டியிடம் சொல்கிற தபால்காரர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். சிரித்துச் சிரித்து அவனுக்குச் சாப்பாடு புரை ஏறியது. ஒரு நாள் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நானே தனியா ஒரு பள்ளி ஆரம்பிக்கலாம்னு ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். இரண்டு வருடமா! அவன் நோட்டை எடுத்து, 'ஏன் சொல்லல?' என்று எழுதினான்.

அவள் அதைப் படித்துவிட்டு, அவனையே பார்த்தாள். "எப்ப?" என்றாள்.

அவன் பென்சிலை மறுபடியும் பையில் செருகினான். அதற்குப் பதில் எழுத நோட்டில் இடம் போதாது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை டாக்டரம்மா மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்து, "ரொம்ப நல்லா ஆறியிருக்கு. இன்னியிலேருந்து மெதுவாப் பேசலாம்" என்றார். மனைவிக்கு அன்று வகுப்பு இருந்ததால் தனியாகத்தான் போயிருந்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். கதவைத் திறந்தவள், "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமலே, "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா, அந்த வக்கீல்..." என்று தொடங்கிவிட்டாள். ரேடியோ வாயைத் திறந்தான். திறந்தால் இது நின்றுபோகும் என்று ஏனோ பட்டது. நோட்டை எடுத்து, 'இன்னும் ஒரு வாரம்' என்று எழுதினான்.

பொய்தான். ஆனால் பேசாத பொய்.

அதற்கான கூலியை அவன் உடனே கொடுக்க வேண்டியதாயிற்று. மறுநாளே மனைவி, "முன்னறைச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கணும், நீங்களே அடிச்சுடறீங்களா? வேண்டாம்னா சொல்லிடுங்க" என்றாள். அவன் எப்படிச் சொல்வான்? ஞாயிற்றுக்கிழமை, "எங்கம்மா பத்து நாள் வந்து இருக்கட்டுமா? ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். திங்கட்கிழமை அவனுடைய பழைய ஷூக்கள், பன்னிரண்டு ஜோடி, மூட்டை கட்டப்பட்டு வாசலுக்குப் போயின. "வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, வச்சிடறேன்" என்றாள். நோட்டைத் தேடினான், அது எங்கேயோ காணாமல் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, ஏணி மேல் நின்று பெயிண்ட் உருளையோடு போராடிக்கொண்டிருந்தான். மனைவி வண்டிச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு கீழே வந்து நின்றாள்.

"டாக்டர் கிளினிக்ல வரவேற்புல ஒரு பொண்ணு இருக்கா, பாத்தீங்களா?"

அவன் தலையாட்டினான்.

"நம்மகிட்டதான் வண்டி கத்துக்கறா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு வகுப்பு. 'அக்கா, சாருக்குத் தொண்டை சரியாயிடுச்சு, இனிமே உங்க வீட்ல ஒரே கலகலப்புதான்'னு சொன்னா."

ஏணி ஆடியது. அவன் இறங்கி வந்தான். நாலு நாளும் தெரிந்தே வேலை வாங்கியிருக்கிறாள்! கோபப்படுவதா சிரிப்பதா என்று ஒரு நிமிடம் திண்டாடினான். அவளோ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன் சொல்லல?" என்றான். மூன்று வாரத்துக்கும் மேலாகப் புழங்காத குரல், புதுச் சக்கரம் மாதிரி மெதுவாக உருண்டு வந்தது.

"நீங்க ஏன் சொல்லல?"

"நீ பேசறதை நிறுத்திடுவியோன்னு..." என்று இழுத்தான்.

அவள் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினாள். "எனக்கும் அதே பயம்தான்" என்றாள். பிறகு, "சுவரும் பாக்கி இருந்தது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவன் உருளையைத் தட்டில் வைத்துவிட்டு, பெயிண்ட் பட்ட கையைப் பேண்டில் துடைத்தபடி தரையில் உட்கார்ந்தான். "சரி, உன் பள்ளியைப் பத்திச் சொல்லு. எத்தனை வண்டி? இடம் எங்க?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வகுப்புக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவளும் எதிரே உட்கார்ந்து, முதலில் தயங்கியும் பிறகு கையை ஆட்டி ஆட்டியும் சொல்லிக்கொண்டே போனாள். ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அரைமணி நேரத்தில் இரண்டே இரண்டு தடவைதான் குறுக்கே பேசினான்.